புளூட்டோவை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

திண்ணைநூலகம் · சனி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். பதினாலு பேர் வருவார்கள். கையிலிருக்கும் புத்தகங்கள் தீர்ந்துபோனதால் நானே பதினாறு பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஊசிநூலால் தைத்துக் கொடுக்கிறேன். எறும்பு, உப்பளம், பனை என்று மூன்று முடிந்தது. நாலாவது கோள்கள்.

இதில்தான் மாட்டிக்கொண்டேன். "சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்கள்" என்று முதல் பக்கத்தை வாசித்ததும் ஒரு பெண் எழுந்து போய், சுவரில் தொங்கும் பழைய சார்ட்டில் விரல் வைத்து எண்ணினாள். "ஒன்பது இருக்கே அக்கா." புளூட்டோ இப்போது கோள் இல்லை என்றேன். "ஏன், செத்துப்போச்சா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். எண்ணினவள் சிரிக்கவில்லை. "சின்னதா இருக்குன்னு வெளியே அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது சரியான பதில் இல்லை என்று உறைத்தது.

புத்தகத்தில் புளூட்டோவை எங்கே வைப்பது? கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவா, ஆரம்பத்திலேயேவா? அப்புறம் அதைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது? ஒரு புத்தகத்தில் குள்ளக்கோள், இன்னொன்றில் குறுங்கோள் என்று இருக்கிறது.

இரட்டைவால் · சனி, இரவு 9:50

எட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள் அக்கா. அனுபவத்தில் சொல்கிறேன். என் மகளுக்குப் போன வருஷம் பரீட்சையில் "சூரியக் குடும்பத்தின் கடைசிக் கோள் எது?" என்று வந்தது. நான் வீட்டில் விளக்கோ விளக்கென்று விளக்கியிருந்தேன். அவள் "நெப்டியூன். முன்னாடி புளூட்டோ. அது இப்போ குறுங்கோள்" என்று எழுதினாள். இரண்டு பதில் எழுதியிருக்கிறாள் என்று மதிப்பெண் போடவில்லை. சுருக்கமாக எழுதுவது எப்படி என்றுதான் அவள் அதிலிருந்து கற்றுக்கொண்டாள்.

கரும்பலகை · சனி, இரவு 10:31

முப்பது வருஷம் நடுநிலைப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன். இரட்டைவால் தம்பி சொன்ன கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். புளூட்டோ என்று எழுதாதவர்களுக்கு மதிப்பெண்ணையும் குறைத்திருக்கிறேன். பிற்பாடுதான் தெரிந்தது, புளூட்டோவின் பாதை நீள்வட்டம் என்பதால் 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனை விடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் சிவப்பு மையால் அடித்த அத்தனை வருஷமும் கடைசியில் இருந்தது நெப்டியூன்தான்! அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். குள்ளக்கோள் வேண்டவே வேண்டாம். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்த 2006க்கு அடுத்த வருஷமோ என்னவோ, கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். இடைவேளை முடிவதற்குள் வகுப்பிலேயே உயரம் குறைந்த பையனுக்குப் "புளூட்டோ" என்று பெயர் விழுந்துவிட்டது. நான் அதட்டியும் வருஷக் கடைசி வரை போகவில்லை. பலகையில் எழுதியது நான்தானே. யாரைக் குறை சொல்ல?

பிழைதிருத்தி · சனி, இரவு 11:05

அச்சில் நடக்கும் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன், தினமும் இதில்தான் என் பிழைப்பு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்களைச் சிலர் சிறுகோள் என்கிறார்கள், சிலர் குறுங்கோள் என்கிறார்கள். புளூட்டோ வகையையும் சிலர் குறுங்கோள் என்கிறார்கள். ஆகவே ஒரே சொல் இரண்டு பொருளில் உலவுகிறது. நீங்கள் எதை எடுத்தாலும் சரி, ஒரு புத்தகத்துக்குள் மாற்றாதீர்கள். என் ஓட்டு: கற்களுக்குச் சிறுகோள், புளூட்டோ வகைக்குக் குறுங்கோள்.

ஒரு சங்கடமும் உண்டு. குறுநில மன்னனும் மன்னன்தானே? அப்படியானால் குறுங்கோளும் கோள்தானே? என் தமிழறிவுக்கு அப்படித்தான் படுகிறது. புளூட்டோவைக் கோள் இல்லை என்று சொல்லிவிட்டுப் பெயரில் மட்டும் கோளை விட்டுவைத்திருக்கிறார்கள்.

மொட்டைமாடி · ஞாயிறு, காலை 6:20

//குறுநில மன்னனும் மன்னன்தானே?//

இதே சண்டை ஆங்கிலத்திலும் ஓய்ந்தபாடில்லை. புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் தலைமை ஆய்வாளர் ஆலன் ஸ்டெர்னும் ஏறக்குறைய இப்படித்தான் வாதாடுகிறார். குறுங்கோள் என்பது கோளில் ஒரு வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் எடுத்த முடிவு வேறு: கோள் ஒரு வகை, குறுங்கோள் தனி வகை. கடைசி நாள் கூட்டத்தில் இருந்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர், ஒன்றியத்திலோ பல்லாயிரம் உறுப்பினர்கள். இன்றைக்கும் பலர் முணுமுணுக்க அதுவும் ஒரு காரணம்.

பலருக்கும் தெரியாத ஒன்று. அதே கூட்டத்தில் முதலில் வைத்த வரைவு கோள்களைக் குறைக்கவில்லை, கூட்டியது. சிறுகோள்களில் பெரிதான செரஸ், புளூட்டோவின் துணையான சாரன், அப்போது புதிதாகக் கண்டுபிடித்த ஈரிஸ் மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு கோள். ஒரே வாரத்தில் பன்னிரண்டு எட்டாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் தலையாட்டியது தப்பு என்று உறைத்ததாக எழுதியிருந்தீர்கள். ஆமாம், தப்புதான். விதிகள் மூன்று: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாக வேண்டும், தன் பாதையில் தன்னைப் போன்ற மற்றவை இல்லாதபடி ஆதிக்கம் செலுத்த வேண்டும். இதில் அளவு என்ற சொல்லே கிடையாது. இத்தனை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கோள் என்று எங்கும் எழுதவில்லை. புளூட்டோ விழுந்தது மூன்றாவது விதியில்.

திண்ணைநூலகம் · ஞாயிறு, காலை 8:02

மூன்றாவது விதியை எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வது? "பாதையைச் சுத்தம் செய்வது" என்று எழுதிப் பார்த்தேன். பூமி கையில் துடைப்பத்தோடு நிற்கிற மாதிரி ஒருத்தி படம் வரைந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

கரும்பலகை · ஞாயிறு, காலை 8:40

தேர். நாலு வீதியில் தேர் வரும்போது என்ன ஆகிறது? சைக்கிள், மாடு, பொரிகடலை வண்டி எல்லாம் ஒதுங்கிவிடும். ஒதுங்காதது தேரோடு சேர்ந்து நகரும். தேருக்குப் பின்னால் பார்த்தால் வீதி காலி. அது கோள். இப்போது அதே வீதியில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவரும் வீதியைச் சுற்றித்தான் வருகிறார். ஆனால் அவருக்காக யாரும் விலகவில்லை. அது குறுங்கோள். புளூட்டோ இருப்பது நெப்டியூனுக்கு அப்பால் பனி உருண்டைகள் சுற்றும் கைப்பர் பட்டையில். அங்கே நல்ல கூட்டம்.

மொட்டைமாடி · ஞாயிறு, காலை 9:15

சார், உவமை பிரமாதம். கொஞ்சம் எண் சேர்க்கிறேன். பூமியின் பாதையில் உள்ள மற்ற கல், தூசி அத்தனையையும் வாரித் தராசில் வைத்தால், பூமி அதைப் போல ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு எடை. புளூட்டோ தன் வட்டாரத்தில் உள்ள மற்றதன் மொத்தத்தில் நூற்றில் ஏழெட்டுப் பங்குதான். எட்டுக் கோளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே இருப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கே கோடு போடுவது என்று தடுமாற வேண்டிய இடமே இல்லை.

ஆட்சேபம் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் கூடவே போகின்றன, ட்ரோஜன்கள் என்று பெயர். அப்படியானால் வியாழனும் தேறவில்லையே என்பார்கள். சாரின் தேரிலேயே பதில் இருக்கிறது. அவை ஒதுங்காத கூட்டம் இல்லை, தேரோடு நடந்து வருகிறவர்கள். வியாழனின் ஈர்ப்பு பிடித்து வைத்த இடத்தில்தான் அவை நிற்கின்றன.

வல்லைவெளி · ஞாயிறு, முற்பகல் 11:30

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் பக்கம் இதைச் சூரியக் குடும்பம் என்று சொல்வதில்லை, ஞாயிற்றுத் தொகுதி என்றுதான் படித்தோம். குடும்பம் என்ற சொல்லும் அந்தப் பிள்ளையின் கவலைக்கு ஒரு காரணமோ என்று யோசித்தேன். குடும்பத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்பினால் யாருக்குத்தான் அழுகை வராது? தொகுதியில் ஒன்றை வேறு பெட்டியில் வைத்தால் அவ்வளவு வலிக்காது.

தேர் உவமை எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும். ஆனால் அக்கா, உவமைக்கு முதல் தூரத்தைக் காட்டுங்கோ. சார்ட்டில் எல்லாக் கோளும் தோளோடு தோள் உரசி நிற்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பாதை, கூட்டம், வெளி என்று கதைத்தால் ஒன்றும் ஏறாது.

நான் செய்வது இதுதான். ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்குவேன். உரித்த பெரிய தேங்காய் ஒன்று, குறுக்கே 14 சென்ரிமீற்றர் வருகிற மாதிரிப் பார்த்து எடுத்தால், சூரியன். பூமி ஒரு குரக்கன் மணி, தேங்காயிலிருந்து 15 மீற்றர். அதற்கு முதல் 11 மீற்றரில் வெள்ளி, அதுவும் குரக்கன். 6 மீற்றரில் புதன், கசகசாவில் பாதி. 23 மீற்றரில் செவ்வாய், ஒரு கசகசா. வியாழன் ஒரு போளை, 78 மீற்றர். சனி ஒரு சுண்டங்காய், 143 மீற்றர். யுரேனசும் நெப்டியூனும் ஆளுக்கொரு மிளகு, 287இலும் 450இலும். புளூட்டோ தூள் உப்பில் ஒரு துகள், சராசரியாக 590 மீற்றர். சூரியனுக்குக் கிட்ட வரும்போது 444, தள்ளிப் போனால் 737. சந்திரனை மறந்துவிடாதேயுங்கோ: குரக்கனிலிருந்து நாலு சென்ரிமீற்றரில் இன்னொரு உப்புத் துகள், இது புளூட்டோவை விடக் கொஞ்சம் பெரிது. மனிதர் கால் வைத்த தூரம் இதுவரை அந்த நாலு சென்ரிமீற்றர்தான்.

இரட்டைவால் · ஞாயிறு, மதியம் 12:05

குரக்கன் என்றால் கேழ்வரகு, போளை என்றால் கோலிக்குண்டு. சரிதானே அண்ணா? கூகுளில் தேடினேன்.

வல்லைவெளி · ஞாயிறு, மதியம் 12:11

அதேதான். சுண்டங்காய் உங்களுக்குச் சுண்டைக்காய்.

இரட்டைவால் · ஞாயிறு, மதியம் 12:40

இன்னொரு குழப்பம். இது எங்கள் வீட்டில் நடந்தது. சின்னவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றினோம். அவள் ஒவ்வொரு சிலையாக எண்ணி முடித்துவிட்டு, "அப்பா, இதுல புளூட்டோ எது?" என்று சத்தமாகக் கேட்டாள். பக்கத்தில் எள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒன்பதுக்கு ஒன்பது சரியாக இருந்ததால் இரண்டும் ஒன்றுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கும் அந்த இடத்தில் பதில் வரவில்லை.

கரும்பலகை · ஞாயிறு, பிற்பகல் 3:18

தம்பி, உங்கள் மகள் கேட்டதிலிருந்துதான் புத்தகமே ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பிள்ளைகளுக்கு ஐந்து கோள்களின் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்காட்டியைக் கிழிக்கத் தெரிந்தால் போதும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. மிச்சம் இரண்டு நாள் ஞாயிறும் திங்களும், அதாவது சூரியனும் சந்திரனும். வெறுங்கண்ணால் பார்த்த காலத்தில், மற்ற விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்க, இந்த ஏழும் மட்டும் நடுவே இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே ஏழும் ஒரு வகை. நவக்கிரகத்தில் இதோடு ராகு, கேது. அவை உருண்டைகளே இல்லை. வானத்தில் சந்திரனின் வழியும் சூரியனின் வழியும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அங்கேதான் நடக்கும், அதனால் அவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் பூமி கிடையாது, பார்த்தீர்களா? நாம் நிற்கிற திண்ணையை யார் எண்ணுவார்கள்!

அப்புறம் கோப்பர்னிக்கஸ் வந்தார். சூரியன் நடுவில் போனது. சூரியனும் சந்திரனும் கோள் பட்டியலிலிருந்து வெளியே வந்தன, பூமி உள்ளே போனது. புளூட்டோவுக்கு நானூறு வருஷம் முன்பே சூரியனுக்கே இது நடந்திருக்கிறது! அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "சின்னதா இருக்குன்னு" என்ற சந்தேகம் அங்கேயே முடிந்துவிடும். சூரியன் சின்னதா என்ன?

மொட்டைமாடி · ஞாயிறு, பிற்பகல் 4:02

சார் தொடங்கியதை நான் முடிக்கிறேன். நடுவில் இன்னொரு வழக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்.

1801 ஜனவரி 1. சிசிலியில் பலேர்மோ நகரத்து வானாய்வகத்தில் ஜுசப்பே பியாசி செரஸைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த இடத்திலேயே கிடைத்ததால் கோள் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே பல்லஸ். 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா. இவையும் கோள்கள்! 1845க்குப் பிறகு அதே வட்டாரத்தில் வரிசையாகக் கிடைக்க ஆரம்பித்ததும், இது ஒரு கோள் இல்லை, ஒரு கூட்டம் என்று புரிந்து எல்லாவற்றையும் சிறுகோள் பெட்டிக்கு மாற்றினார்கள். ஆகச் செரஸ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கோளாக இருந்திருக்கிறது.

இப்போது புளூட்டோ கதையைப் படியுங்கள். 1930இல் கிடைத்தது, தனியாக இருப்பதாக நினைத்தார்கள். 1992இலிருந்து அதே வட்டாரத்தில் வரிசையாக மற்றவை. 2005இல் மைக் பிரவுன் குழு ஈரிஸை அறிவித்தது. புளூட்டோவை விடப் பெரிசு என்று அப்போது கணக்கிட்டார்கள். (பிறகு அளந்ததில் புளூட்டோ 2,377 கி.மீ., ஈரிஸ் 2,326. ஆனால் எடையில் ஈரிஸ்தான் அதிகம், நூற்றுக்கு இருபத்தேழு.) ஈரிஸைப் பத்தாவது கோளாக்குவதா, இல்லை புளூட்டோவையும் கூட்டத்தில் சேர்ப்பதா? ஈரிஸ் என்பது கிரேக்கர்களின் கலக தேவதை. தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தார்கள். நாரதர் கலகம் நன்மையில் முடிந்தது என்று நான் சொல்வேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

2006இல் செரஸுக்கு என்ன ஆனது தெரியுமா? சிறுகோள் கூட்டத்தில் கிடந்ததை எடுத்துக் குறுங்கோளாக உயர்த்தினார்கள். சுமார் 940 கி.மீ., நல்ல உருண்டை. அதே வட்டாரத்து வெஸ்டா 525 கி.மீ., உருண்டை தேறவில்லை, சிறுகோளாகவே நின்றுவிட்டது. புளூட்டோ இறங்கிய அதே நாளில் செரஸ் ஏறியது. சார்ட் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பிழைதிருத்தி · ஞாயிறு, மாலை 5:30

மொட்டைமாடி, உருண்டை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏன் பெரிசானால் உருண்டை ஆகிறது என்று பிள்ளைகள் கேட்பார்களே?

மொட்டைமாடி · ஞாயிறு, மாலை 5:52

சின்னக் கல்லுக்கு ஈர்ப்பு குறைவு. உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக இருந்தாலும் அப்படியே இருந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வளர்ந்துவிட்டால் அதன் எடையே எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி அமுக்கும். புடைத்துக்கொண்டிருப்பது இறங்கும், பள்ளம் நிரம்பும். உள்ளங்கைக்குள் மாவை அமுக்கி லட்டு பிடிக்கிறோமே, அங்கே கை செய்வதை இங்கே ஈர்ப்பு செய்கிறது.

கைப்பர் பட்டையில் இருக்கும் ஹௌமேயா மட்டும் வேடிக்கை. நாலு மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும். அந்த வேகத்தில் லட்டு நீண்டு பிடிகொழுக்கட்டை ஆகிவிட்டது. ஆனாலும் குறுங்கோள்தான். 2017இல் அதைச் சுற்றி ஒரு வளையமும் இருப்பது தெரிந்தது.

பிழைதிருத்தி · ஞாயிறு, மாலை 6:10

நன்றி, கொழுக்கட்டை நிற்கும். அக்கா கவனிக்க: இன்னொரு குறுங்கோளின் பெயரை "மேக்மேக்" என்று அச்சில் பார்த்திருக்கிறேன், ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதிய தப்பு. அது மாகேமாகே. ஈஸ்டர் தீவின் ராப்பா நுய் மக்களுடைய படைப்புக் கடவுள். 2005 ஈஸ்டரை ஒட்டிக் கண்டுபிடித்ததால் அந்தத் தீவின் கடவுள் பெயர். ஹௌமேயா ஹவாய்த் தீவின் பிள்ளைப்பேற்றுத் தெய்வம்.

எட்டுக் கோள்களின் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வீர்கள் என்றால், இதோ நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கட்டியது: புட்டும் வெல்லமும் பூவன்பழமும் செல்லம்மா விரும்பிச் சாப்பிட யுக்தி: நெய். முதல் எழுத்துகளைப் பாருங்கள். யு-வில் தொடங்கும் சொல் கிடைக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. நெய்யோடு இலையை மடித்தாயிற்று, இன்னொரு புட்டு கிடையாது.

வேலிப்படல் · ஞாயிறு, இரவு 7:45

ராகு கேது வெறும் புள்ளி என்று எழுதுவதற்கு முன் ஜாதகம் பார்த்துப் பலன் கண்டவர்களிடம் கேட்டுவிட்டு எழுதலாமே. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் சொன்னால்தான்

நிர்வாகம் · ஞாயிறு, இரவு 8:00

சோதிட விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். வேலிப்படலின் பதிவில் மீதியும் அதற்கு வந்த ஆறு பதில்களும் அங்கே மாற்றப்பட்டன.

திண்ணைநூலகம் · அடுத்த சனி, இரவு 8:47

இன்று நடந்ததைச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியிலிருந்துதான் ஆரம்பித்தேன். கரும்பலகை சார் சொன்னது அப்படியே பலித்தது. "சூரியனையே எடுத்துட்டாங்களா!" என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். பிறகு எல்லோரையும் வெளியே கூட்டிப்போனேன். நூலக வாசல்படியில் தேங்காய். இஞ்சி டேப்பைப் பிடித்து அளக்க ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இருவர். ஒவ்வொரு விதையையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, தாளின்மேல் கல் வைத்துக்கொண்டே போனோம். செவ்வாய்க்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பூமியின் தாளில் ஒரு கோழி. ஒட்டின பசை காய்வதற்குள் கேழ்வரகைக் கொத்திவிட்டது. "பூமி போச்சு! பூமி போச்சு!" என்று தெருவே அதிர்ந்தது. மாற்று பூமி வைத்தோம். அதற்குக் காவலாக மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி வரை அங்கேயே நின்றான், நெப்டியூனைப் பார்க்க வரவே இல்லை.

வியாழனுக்குத் தெரு முடிந்துவிட்டது. சனி ரேஷன் கடை வாசலில். யுரேனஸ் பஸ் நிறுத்தம் தாண்டி. இந்த இடத்தில் பாதிப் பேர் கால் வலிக்கிறது என்றார்கள், அதுவே நல்ல பாடம்தான். நெப்டியூன் ஏரிக்கரை ஏறும் இடத்தில். புளூட்டோ கரைமேல், ஆலமரத்தடியில். தாளில் உப்புத் துகளைக் காட்டினேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கரையில் நின்று தேங்காய் தெரிகிறதா என்று கேட்டேன். நூலகமே தெரியவில்லை.

அங்கே உட்காரவைத்துத்தான் மிச்சக் கதையைச் சொன்னேன். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர், லோவல் வானாய்வகம். கிளைடு டோம்போ என்ற இருபத்துநாலு வயதுக்காரர். ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறார். ஆயிரமாயிரம் புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. 1930 பிப்ரவரி 18. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் காலைச் சாப்பாட்டின்போது தாத்தா செய்தித்தாளை வாசிக்க, புளூட்டோ என்று வைக்கலாமே என்றவள் வெனிஷியா பர்னி. வயது பதினொன்று. இந்த இடத்தில்தான் எல்லோர் முதுகும் நிமிர்ந்தது. "பதினொண்ணா?" என்று ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி விரல் விட்டுத் தன் வயதை எண்ணிக்கொண்டாள்.

புளூட்டோ கண்டுபிடித்த நாளிலிருந்து இன்னும் ஒரு சுற்று முடிக்கவில்லை, 248 வருஷம் ஆகும், 2178இல் முடியும் என்றேன். அப்போது நாம் இருக்க மாட்டோம் என்று ஒருத்தன் கணக்குப் போட்டுச் சொன்னான். பிறகு நியூ ஹொரைசன்ஸ் 2015 ஜூலை 14 அன்று எடுத்த படத்தைக் காட்டினேன், அந்த இதய வடிவப் பனிவெளியோடு. 2006 ஜனவரியில் கிளம்பும்போது கோளைப் பார்க்கப் போன கலம், போய்ச் சேர்ந்தபோது பார்த்தது குறுங்கோளை. டோம்போவின் சாம்பலில் கொஞ்சமும் அந்தக் கலத்தில் போயிற்று என்றதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். சார்ட்டை எண்ணின அதே பெண் கேட்டாள்: "நிலா புளூட்டோவை விடப் பெரிசு, உருண்டையாவும் இருக்கு. அப்புறம் நிலா ஏன் குறுங்கோள் இல்லை?" அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன்.

மொட்டைமாடி · சனி, இரவு 9:05

முதல் விதியிலேயே பதில் இருக்கிறது. நிலா சுற்றுவது பூமியை, அதனால் துணைக்கோள். அளவுக்கு இங்கேயும் வேலை இல்லை. வியாழனின் துணைக்கோள் கனிமீடு 5,268 கி.மீ., புதனோ 4,879 கி.மீ.தான். புதன் கோள், கனிமீடு துணைக்கோள். அந்தப் பெண்ணிடம் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், அவளே சொல்லிவிடுவாள்.

சிறுகோள் பக்கத்துக்கு ஒரு சரக்கு: 4130 எண்ணுள்ள சிறுகோளின் பெயர் ராமானுஜன். நம் கணிதமேதைதான். 1988இல் நம் காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தது.

வல்லைவெளி · சனி, இரவு 9:20

காவல் நின்ற பையனுக்குப் புத்தகத்தில் ஒரு படம் போடுங்கோ அக்கா. கோழியையும்.

இரட்டைவால் · சனி, இரவு 9:33

கேட்டேனே என்று நினைக்காதீர்கள். பரீட்சையில் கடைசிக் கோள் எது என்று வந்தால் இந்தப் பதினாலு பேரும் என்ன எழுதுவார்கள்?

கரும்பலகை · சனி, இரவு 9:41

நெப்டியூன் என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைப்பார்கள். ஏரிக்கரை வரை நடந்தவர்களுக்குப் பேப்பரில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் தம்பி.

திண்ணைநூலகம் · ஞாயிறு, காலை 7:15

முதல் பக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி:

"நாட்காட்டியை எடு. அதில் ஐந்து கோள்கள் ஒளிந்திருக்கின்றன. கண்டுபிடி. ஆறாவது கோளைத் தேட வேண்டாம், அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாய். இன்னும் இரண்டு கோள்களைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். மொத்தம் எட்டு. உன் அம்மா படித்தபோது ஒன்பது. உன் பாட்டியின் பாட்டிக்குப் பாட்டி எண்ணியபோது சூரியனும் ஒரு கோள். ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?"

புளூட்டோவுக்கும் செரஸுக்கும் நடுவில் எதிரெதிர்ப் பக்கம் கொடுத்திருக்கிறேன், ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. தேர் ஒரு பக்கம். கோழிக்கும் காவல்காரனுக்கும் ஒரு பக்கம். பழைய சார்ட்டைக் கழற்றவில்லை. புளூட்டோ பக்கத்தில் அந்தப் பெண்ணே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்: "2006 வரை."

பிழைதிருத்தி · ஞாயிறு, காலை 7:40

"பாட்டியின் பாட்டிக்குப் பாட்டி" என்றால் ஆறு தலைமுறை, இருநூறு வருஷத்துக்குள் அடங்கிவிடும். கோப்பர்னிக்கஸின் புத்தகம் வந்தது 1543. இன்னும் நிறையப் பாட்டி வேண்டும்.

திண்ணைநூலகம் · ஞாயிறு, காலை 7:52

"ரொம்ப ரொம்பப் பழைய பாட்டி" என்று மாற்றிவிட்டேன். பதினாறு பக்கம் இருபது ஆகிவிட்டது. நாலால் வகுபடுகிறது, தைத்துவிடலாம்.